திறந்திருந்த சுக்கான்

இதுவரை கடிதங்களைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத ஒருவர் கதையொன்றை எழுதத் துணிவது தவறென்றே தோன்றுகின்றது. வாசிப்பவர்கள் அன்புகூர்ந்து பொறுத்துக்கொள்ள வேண்டும். படகோட்டத் தெரிந்தவர்கள் இன்னுஞ் சற்று அதிகமாகவே பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாகேஸ்வரி இரண்டு ரூபாய் நாணயக் குற்றியால் சுக்கானை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வந்தார். வெள்ளவத்தையில் ரயில்பாதையையும் கடலையும் பார்த்திருந்த மூன்றாம் மாடி வீட்டின் பல்கனியில், இரண்டு கதிரைகளுக்குக் குறுக்கே அது கிடந்தது. உள்ளே கட்டிலில் அவருடைய தமையன் சிவபாதசுந்தரம் கண்களை மூடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கீழ்ப்பக்கம் இன்னொருக்கால் தட்டு."

தட்டினார்.

"காய்ஞ்சிட்டுது. இனி மூடலாம்."

பழைய பைபர்கிளாஸ் பாய்ப்படகொன்றின் சுக்கான் அது. அதன் இரு பைபர்கிளாஸ் தோல்களுக்கும் நடுவில் அடைத்திருந்த நுரை பல வருடங்களாகத் தண்ணீர் குடித்திருந்தது. ஞாயிறுதோறும் பொல்கொட ஏரியில் தமையனோடு படகோட்டும் நண்பர் மஷூர்தான் அதைக் கழற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆனால் தமையனால் எழுந்து நிற்க முடியவில்லை. அவருடைய நெஞ்சிலும் தண்ணீர் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்திருக்குமாறு சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆகவே, அந்தப் படகில் ஒருநாளும் கால்வைத்திராத நாகேஸ்வரி, தமையன் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்ல, தோலை வெட்டி, ஊறிய நுரையைச் சுரண்டி, கடற்காற்றில் காயவைத்து, புதியதை நிரப்பியிருந்தார். வெட்டிய இடத்தின்மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து ரெசின் பசை பூசுவது மாத்திரமே மிச்சம்.

"திறந்தபடி விட்டிட்டுப் போகேலாது, நாகேசு. மூடினதைக் கண்ணால கண்டால் போதும். ரெசினை இறுக்கிற ஹார்ட்னர் விட்டதும் நிறம் மாறும். பூச முதல் எனக்குக் கொண்டுவந்து காட்டு."

எங்கே போவது என்று நாகேஸ்வரி கேட்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, பத்தரை தாண்டியிருந்தது.

"இப்ப ராகுகாலம், அண்ணை. பன்னிரண்டுக்குப் பிறகு கலப்பம்."

"ரெசினுக்கு என்னடி ராகுகாலம்?"

"நல்ல காரியமெல்லே. இவ்வளவும் பாத்துப் பாத்துச் செய்தது."

கட்டிலருகே அமர்ந்திருந்த மஷூர் தொண்டையைச் செருமினார். "எனக்கு இன்னம் கொஞ்சத்துல ஜும்மாவுக்குப் போகணும் அக்கா. இப்பவே செஞ்சா நானும் ஒரு கை புடிப்பேன்."

"நீங்கள் போயிட்டு வாங்கோ தம்பி. நான் தனியச் செய்வன்."

"அப்ப யமனிட்டையும் சொல்லி வை," என்றார் தமையன். "பன்னிரண்டு மட்டும் வாசல்ல நிக்கட்டாம்."

மஷூர் சிரித்துவிட்டார். நாகேஸ்வரி சிரிக்கவில்லை.

"சரி, விடு மஷூர். இவள் சொன்னால் சொன்னதுதான்."

கடலில் பட்ட வெயில் திரைச்சீலையின் ஊடாக வந்து தலைக்கு மேல் முகட்டில் அசைந்தது. தமையன் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அறை முழுவதும் மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"காத்துத் திரும்புது," என்றார். "மஷூர், பாயைக் கொஞ்சம் தளர்த்து."

மஷூர் நாகேஸ்வரியை ஒருதரம் பார்த்தார். பின்னர், இல்லாத கயிறொன்றைக் கைகளுக்கிடையே நழுவவிட்டார். "தளத்திட்டேன், சுந்தரம்."

"நாகேசு எங்க?"

"நடுவுல ஈக்கிறாங்க."

"பயப்பிடுறாளோ?"

"இல்ல," என்றார் நாகேஸ்வரி. நிலம் ஒருபக்கமாகச் சாய்வதுபோல் தோன்றவே கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். "பயமில்லை, அண்ணை."

"தலையைக் குனிஞ்சு இரு. பாயின்ர மரம் திரும்பி அடிக்கும்."

நாகேஸ்வரி தலையைக் குனிந்தார். சற்று நேரத்தில் தமையன் உறங்கிவிட்டார். மஷூர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஓசையின்றிப் புறப்பட்டார்.

கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டும்வரை நாகேஸ்வரி பல்கனியிலேயே நின்றார். பின்னர் கண்ணாடித் துணியை வெட்டின்மேல் விரித்துவிட்டு, தகரக் குவளையில் ரெசினை ஊற்றி, ஹார்ட்னர் துளிகளை விட்டு, தூரிகையால் கலக்கினார். இளநீலம் மெல்லப் பழுப்பாயிற்று. அதைக் காட்ட உள்ளே போனார்.

"அண்ணை, மாறிட்டுது. பாருங்கோ."

முகட்டின் வெளிச்சம் அசைந்துகொண்டுதான் இருந்தது. தமையனின் கண்கள் அதன்மேல் பாதி திறந்திருந்தன. மார்பு அசையவில்லை.

நாகேஸ்வரி மஷூர் இருந்த கதிரையில் அமர்ந்தார். ரெசின் இறுக இறுகக் குவளை முதலில் இளஞ்சூடானது, பின்னர் சுட்டது. அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

தொழுகை முடிந்து வந்த மஷூர் வாசலிலேயே நின்றுவிட்டார். வெகுநேரத்தின் பின் அருகே வந்து, நண்பரின் இமைகளை மூடினார்.

"அதத் தாங்க, அக்கா."

"பன்னிரண்டுக்குப் பிறகுதான் கலந்தனான்."

"ஓம், அக்கா."

"அதுக்கு முந்திக் கலந்திருந்தால்..."

மஷூர் நாகேஸ்வரியின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் குவளையை எடுத்தார். உள்ளே ரெசின் கல்லாகி, தூரிகை அதில் நட்டபடி நின்றது. நாகேஸ்வரியின் உள்ளங்கை சிவந்திருந்தது. பல்கனியில் ரெசின் படாத கண்ணாடித் துணி காற்றில் எழும்புவதும், வெட்டின்மேல் படிவதும், மறுபடி எழும்புவதுமாக இருந்தது.

இழந்தவை: ஒரு தமையன். ஒரு குவளை ரெசின். ஒரு தூரிகை. வெள்ளிக்கிழமைக் காலையொன்றில் ஒன்றரை மணித்தியாலம்.