கொழும்பு இல்லாத தேசப்படம்

…சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்றுதான் சொன்னேன், பொய் சொல்லவில்லை, வேனிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் நினைத்திருந்தேன். டீச்சரிடம் இரண்டு வார்த்தை, மகன் கூப்பிட வந்திருக்கிறான் டீச்சர், கொழும்பில் பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, இனி வகுப்புக்கு வரமாட்டேன், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் என்று ஜெரோஷன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான், நானும் தலையாட்டினேன். என் துணிப் பையும் போர்வையும் புனித அந்தோனியார் படமும் பின்சீட்டில் ஏறியாகிவிட்டன, தோட்டத்து லயத்தில் என் அறைக் கதவுக்குப் பூட்டும் போட்டாகிவிட்டது, ஆனால் உள்ளே வந்து செருப்பைக் கழற்றியதும் கால் தன்பாட்டில் ஜன்னலோரத்து இரண்டாவது வாங்குக்குப் போய்விட்டது, உட்கார்ந்துவிட்டேன். செல்வமலர் டீச்சர் வெள்ளைத் தாளைக் கொடுத்துக்கொண்டே வந்தார், “இண்டைக்குத் தேசப்படம், ஒருத்தரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது, மனசில இருக்கிறதைக் கீறுங்கோ, ஆறும் ஊர்களும் குறிக்கோணும்” என்றார், என் முன்னாலும் ஒரு தாள் விழுந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம், வாயைத் திறந்தேன்கூட, “டீச்சர், பென்சில்” என்றுதான் வந்தது.

இந்தப் பென்சிலுக்குத்தான் இவ்வளவு பேச்சு. நேற்று ராத்திரி போனில் ஜெரோஷன் கேட்கிறான், “அறுபத்து மூணு வயசில படிச்சு மாவட்டத்துக்கே ஜி.ஏ. ஆகப் போறீங்களாம்மா?” ஏன், ஆனால் என்ன, மாவட்டக் கச்சேரி ஒபீசில் நாற்காலி போதாதா? அவனைச் சொல்லிக் குற்றமில்லை, லயத்தில் பாதிப்பேர் இதைத்தான் சொல்கிறார்கள், சனிக்கிழமை இரண்டு மணிக்கு நான் கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினால் குழாயடியில் ஒரு சிரிப்பு. பென்சன் வாங்கிய கிழடுகளுக்குப் பள்ளிக்கூடமாம், அதைத் தொடங்கிய பாதருக்கு வேறு வேலையில்லையாம். சிரிக்கட்டும். மே மாதம் தொடங்கும்போது பதினான்கு பேர், இப்போது ஒன்பது, நான் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை, காய்ச்சலோடும் வந்தேன். டிசம்பரில் பரீட்சை, முதல்முறையாக ஒரு பரீட்சை, எனக்கு. போன மாதம் டீச்சர் ஆறுகளைப் பற்றிச் சொன்னார், எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓடுகிற அக்கரா ஓயா கொத்மலை ஓயாவில் சேர்ந்து, அது மகாவலியில் சேர்ந்து, திருகோணமலைப் பக்கம் போய்க் கடலில் விழுகிறதாம். நாற்பது வருடம் அந்தத் தண்ணீரில் துணி துவைத்தேன், அது எங்கே போகிறது என்று ஒரு நாள் கேட்கத் தோன்றவில்லை, யாரும் சொல்லவும் இல்லை, எனக்குக் கோபம் கோபமாக வந்தது, வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. இதை எப்படி ஜெரோஷனிடம் விளக்குவேன், ஆற்றுக்காக ஒருத்தி கோபப்படுவாளா என்று அவன் டாக்டரிடம் கூட்டிப்போவான்.

வெளியே ஜெரோஷன் வேன் ஹோனை அடிக்கிறான். இரண்டு தரம், மரியாதையாக, சின்னதாக. அதற்கே என் முழங்கால் எழும்பப் பார்த்தது, பாவி முழங்கால், அதைக் கையால் அழுத்திப் பிடித்தேன். சத்தம் கேட்டால் எழும்பிப் பழகிய உடம்பு, விடிய ஐந்து மணிக்குச் சங்கு ஊதினால் அடுப்பு, ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டால் கூடை, பன்னிரண்டுக்கு இன்னொரு சங்கு, என் எலும்பெல்லாம் சங்குக்குத்தான் பதில் சொல்லும். ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லவிட மாட்டார்கள். இந்த அறை அப்போது பிள்ளைக் காம்பரா, கொழுந்துக்குப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம், இதோ உத்தரத்தில் தொட்டில் கட்டிய கொக்கிகள் இன்னும் இருக்கின்றன, வெள்ளையடித்தவன் கொக்கிகளுக்கும் சேர்த்து அடித்துவிட்டான். மூன்றாவது கொக்கியில் ஜெரோஷன் கிடந்தான், நாற்பது நாள் பிள்ளை. மேலே பத்தாம் நம்பர் மலையில் நான் நிற்பேன், காற்று இந்தப் பக்கமிருந்து அடித்தால் அழுகை மேலே வரும், பத்துப் பிள்ளை அழுதாலும் இது என்னுடையது என்று தெரியும், மார்பு நனைந்து சட்டை ஒட்டிக்கொள்ளும். பத்து மணிக்குத்தான் பால் கொடுக்க விடுவார்கள், ஒன்பதரைக்கு அவன் அழுதால் அரை மணிநேரம் அழத்தான் வேண்டும், நானும் கொழுந்தைப் பறித்துப் பறித்து… சரி, தாளைப் பார் சிசிலி.

எங்கிருந்து தொடங்குவது? டீச்சர் எப்போதும் யாழ்ப்பாணத்துத் தலையிலிருந்து தொடங்கிக் கரையோரமாக ஒரு சுற்று சுற்றிக் கொண்டுவந்து மூட்டுவார், மாங்காய் மாதிரி வந்துவிடும். எனக்கு அது வராது. நான் அக்கரப்பத்தனையை நடுவில் ஒரு புள்ளியாக வைத்தேன், பக்கத்தில் ஆறு, இந்தப் பக்கம் தலவாக்கலை, ரயில் பாதை, அந்தப் பக்கம் நுவரெலியா, பிறகு ஹட்டன், மஸ்கெலியா, அங்கே நீர்த்தேக்கம், என் நாத்தனார் வீடு இருக்கிறதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக இடம். பஸ் நிற்கிற இடமெல்லாம் தெரியுமே, விட்டுவிட முடியுமா, நிமிர்ந்து பார்த்தால் தாளில் முக்கால்வாசி மலை. பக்கத்தில் சண்முகவடிவு அக்காவின் தாளை எட்டிப் பார்த்தேன், அவளுக்கும் அப்படியே, அவள் மாரியம்மன் கோயிலையும் போட்டிருந்தாள். டீச்சர் வந்து எங்கள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார், “அம்மாமாரே, எங்கட யாழ்ப்பாணத்துக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோவன்” என்றார், வடிவக்கா உடனே, “நீங்கதான் இங்க வந்துட்டீங்களே டீச்சர், அங்க யாரு இருக்கா?” என்று கேட்டாள், அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே நினைத்தேன், அடுத்த சனிக்கிழமை இந்தச் சிரிப்பு நடக்கும்போது நான் கொழும்புப் பக்கத்து வத்தளையில் ஜெரோஷனின் வாடகை வீட்டு இரண்டாம் மாடியில் பால் போத்தல் கழுவிக்கொண்டிருப்பேனா?

மறுபடியும் ஹோன், இப்போது நீளமாக. “ஆர் அது வெளியில?” என்று டீச்சர் ஜன்னலைப் பார்த்தார், நான் ரயில் பாதைக்குக் குறுக்குக்கோடு போட்டேன், கடைசி வாங்கிலிருந்து செல்லசாமி கங்காணி முந்திக்கொண்டார், “சிசிலி, ஒம் மகன்தான் கூப்பிடுறான், எந்திரிச்சுப் போம்மா, புள்ள கூப்பிட்டா தாய்க்காரி இப்பிடியா ஒக்காந்திருப்பா?” அட, யார் சொல்கிறது? முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் பத்தாம் நம்பர் மலையில் தடியும் கையுமாக நின்றவர் இவர்தான், இப்போது எழுபத்து நான்கு வயதில் குட்டி வாங்கில் காலை மடக்கிக்கொண்டு தாளை மறைத்து மறைத்துக் கீறுகிறார். நான் திரும்பினேன், நினைத்துத் திரும்பவில்லை, திரும்பிவிட்டேன். “கங்காணி அய்யா, அன்னிக்கு இதே ரூம்ல அவன் அழுதப்ப, பால் குடுத்துட்டு ஓடியாந்திர்றேன்னு ஒங்ககிட்ட எத்தன தடவ கேட்டிருப்பேன், ஒன் கொழுந்து நெரைய விட்டுப் போவாத, அழுதா புள்ள செத்தா போயிரும்னு சொன்னீங்க. இப்ப அவனுக்கு முப்பத்து நாலு வயசு. ஹோன் அடிச்சா செத்தா போயிருவான்?” யாரும் சிரிக்கவில்லை. கங்காணி தாளைப் பார்த்தார், “நானா சொன்னேன், தொர சொன்னத சொன்னேன்” என்றார், குரல் சின்னதாக இருந்தது. அதுவும் உண்மைதான். எனக்கு நன்றாக இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை.

சரி, அவர் வாயை அடைத்தாயிற்று, மருமகள் வாயை? ஷெரோமி கெட்டவள் இல்லை, போனில் அழுதாள், “திங்கக்கெழம நான் கடைக்குப் போகாட்டி வேற ஆள் போட்ருவாங்க மாமி, ஒங்கள விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?” எட்டு மாதக் குழந்தை, என்னைக் கண்டால் கையைக் காலை ஆட்டும், என் வயிறும் கல்லில்லையே. ஆனால் எட்டு வயதில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்களே, எதற்கு? தம்பியைத் தூக்க. அம்மா மலைக்குப் போக வேண்டும், உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார்கள், இதே வார்த்தை, சிலேட்டை அடுப்புக்குப் பின்னால் சொருகிவிட்டுத் தம்பியை இடுப்பில் வைத்தேன், அதற்குப் பிறகு தங்கச்சி, பிறகு என் பிள்ளைகள் மூன்று, பிறகு மூத்தவளின் இரண்டு, ஒன்றை இறக்கினால் அடுத்தது ஏறும். தேசப்படம் நான்காம் வகுப்பில்தான் சொல்லிக் கொடுப்பார்களாம், அறுபத்து மூன்றில் நான்காம் வகுப்புக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன், இப்போதும் இன்னொரு பிள்ளையைச் சொல்லிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். இரண்டாம் தரம் எழும்ப மாட்டேன்… அப்படியானால் அந்தக் குழந்தை என்ன செய்யும்? தெரியவில்லை. ஏன் எல்லாம் எனக்கே தெரிந்திருக்க வேண்டும், ஜெரோஷனுக்குத் தெரியட்டும், அவன்தானே அப்பா.

ஹோன் நின்றுவிட்டது, அதுதான் பயமாக இருந்தது, பிறகு படியில் சப்பாத்துச் சத்தம். வாசலில் நின்று, “அம்மா” என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் கத்தக் கூடாதே என்று. “அஞ்சு நிமிசம்னீங்க, முக்கா மணித்தியாலம் ஆச்சு, முதலாளிக்கு வேன இன்னிக்கே திருப்பிக் குடுக்கணும், ஹட்டன்ல மிஸ்ட் எறங்கிட்டா நான் எப்பிடி ஓட்டுறது?” டீச்சர் அவனையும் பார்த்தார் என்னையும் பார்த்தார், கேட்கவில்லை, என் தாளைத்தான் எடுத்தார். “சிசிலியம்மா, மலை நல்லா இருக்கு, ஆறு சரி, திருகோணமலையும் சரி. கொழும்பு எங்க?” அப்போதுதான் நானும் பார்த்தேன், கொழும்பு இருக்க வேண்டிய இடத்தில் மஸ்கெலியா நீர்த்தேக்கம் வந்து தாள் முடிந்துபோயிருந்தது. “எடம் இல்ல டீச்சர்” என்றேன், அவரிடம் சொன்னேனா அவனிடம் சொன்னேனா, முகத்தை அவன் பக்கம் வைத்துக்கொண்டு சொன்னேன். பிறகு வந்துவிட்டது, தடுக்க முடியவில்லை. “நான் வரல ஜெரோஷன். டிசம்பர்ல பரீட்ச, அது வரைக்கும் எங்கயும் வரமாட்டேன். புள்ளய இங்க கொண்டாந்து விடு, கண்ணு மாதிரி பாத்துக்கிறேன், சனிக்கெழம ரெண்டு மணியிலருந்து நாலு மணி வரைக்கும் மட்டும் யாராச்சும் வந்து பாருங்க, அந்த ரெண்டு மணித்தியாலம் என்னுது.” “இந்தக் குளிர்லயாம்மா?” “நீ இந்தக் குளிர்லதான் வளந்த, இதே ரூம்லதான் கெடந்த.” அவன் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தான், கொக்கிகளைக் கண்டானோ இல்லையோ, முகம் ஒரு மாதிரி ஆனது, திட்டுவான் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. இவன் திட்டியிருந்தால் எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

“நீங்க இருங்கோ தம்பி, நிண்டு களைச்சுப் போவீங்கள்” என்று டீச்சர் சொல்ல, அவன் சுவரோரத்தில் கிடந்த பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தான், முழங்கால் நாடிக்கு வந்தது. போனை எடுத்தான், வைத்தான், ஷெரோமிக்கு என்ன சொல்வது என்று யோசிக்கிறான் போல. நான் புதுத் தாள் வாங்கி இந்த முறை கரையோரமாகத் தொடங்கினேன், யாழ்ப்பாணத்துத் தலை, மன்னார், புத்தளம், கொஞ்சம் கோணல், பரவாயில்லை. அவனைப் பார்க்காமலே அவன் பார்ப்பது தெரிந்தது. யாராவது எனக்காக இப்படி உட்கார்ந்து காத்திருந்திருக்கிறார்களா என்று நினைத்துப் பார்த்தேன், கலியாணத்துக்குக்கூட நான்தான் கோயில் வாசலில் முதலில் வந்து நின்றவள், ஒருவருமில்லை. நெஞ்சுக்குள் ஏதோ இனித்தது, அது படத்தால் வந்த இனிப்பு இல்லை. “முடிய இன்னும் எவ்வளவு நேரம்மா?” என்றான் மெதுவாக, கோபமில்லாமல், சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி. “வேலையா இருக்கேன்ல, இரு” என்றேன், தலையைத் தூக்காமல். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. இது என் குரல் இல்லை, தோட்டத்து ஒபீசில் பெரிய கிளாக்கரின் குரல். ஜெரோஷனின் அப்பாவுக்கு மூச்சு முட்டிய அன்று ஆஸ்பத்திரிக்கு லொறி கேட்டு அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன், அன்று அவரும் தலையைத் தூக்காமல்தான், இதே வார்த்தையை, இதே நிதானத்தில் சொன்னார், நான் ஒன்றரை மணிநேரம் நின்றேன். எத்தனை வருடமாக இந்தக் குரல் எனக்குள் இருக்கிறது? வெட்கம் வரும் என்று பென்சிலை அப்படியே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். வரவில்லை… ஜெரோஷன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான், சொன்னதைத் திருப்பி எடுக்க இப்போதுகூட நேரம் இருந்தது, நான் மன்னாருக்கும் புத்தளத்துக்கும் நடுவில் கோணலான கோட்டை அழித்துவிட்டுத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தேன்.