ஐம்பத்தேழாம் மாடியில் ஒரே அறை

சோங்சிங் வடக்கு ரயில் நிலையத்தின் வாசலில் சூயூன் முக்கால் மணி நேரமாகக் காத்திருந்தாள். அவளுடைய முன்னாள் கணவர் பாங் டெலின் வேறு ஊரிலிருந்து வேறு ரயிலில் வந்துகொண்டிருந்தார். இருவரும் ஒரே டாக்ஸியில் போய் இறங்க வேண்டும் என்பது ஏற்பாடு. விவாகரத்தாகி இரண்டு வருடமாகிவிட்டது. மகன் ஹெங்குக்கு அது தெரியாது. முதலில் அவனுடைய பரீட்சை முடியட்டும் என்றார்கள். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றார்கள். அப்புறம் பெண் பார்த்துவிட்டான், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்கள். புத்தாண்டுக்கு அவன் வரும்போதெல்லாம் டெலின் இரண்டு நாள் முன்பே பெட்டியோடு வந்து பழைய வீட்டில் இறங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இன்று வெள்ளி.

"சட்டையைப் பாருங்க. இஸ்திரி போட ஆள் இல்லன்னு ஊருக்கே தெரியும்," என்றாள் அவரைப் பார்த்ததும்.

"ரயில்ல கசங்கிச்சு," என்றார் அவர். அவளுடைய பெட்டியையும் வாங்கிக்கொண்டார்.

ஹோட்டலைப் பெண் வீட்டார்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கல்யாண விருந்தும் அங்கேயே. வரவேற்பறைக்குப் போகவே லிப்டில் ஐம்பது மாடி ஏற வேண்டியிருந்தது. டெலினுக்குக் காது அடைத்தது. மேசைக்குப் பின்னால் நின்ற பெண் இருவருடைய அடையாள அட்டைகளையும் வாங்கினாள். அட்டைகளில் இரண்டு ஊர், இரண்டு முகவரி. ஏதாவது கேட்டுவிடுவாளோ என்று சூயூன் அவள் முகத்தையே பார்த்தாள். அந்தப் பெண்ணோ புன்னகை மாறாமல் ஒரே ஒரு சாவி அட்டையை நீட்டி, "பெரிய கட்டில் போட்ட அறை. ஆத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். கல்யாணக் கூட்டத்துல மத்த அறையெல்லாம் நிரம்பிடுச்சு," என்றாள்.

அறை ஐம்பத்தேழாம் மாடியில். கட்டிலில் நாலு பேர் தாராளமாகப் படுக்கலாம். ஆனால் அது ஒன்றுதான் இருந்தது. சோபா கிடையாது, வட்ட நாற்காலிகள் இரண்டு. குளியலறைக்கும் படுக்கைக்கும் நடுவே சுவருக்குப் பதில் முழுக்கக் கண்ணாடி.

"இது என்ன கூத்து? உள்ள குளிக்கிறது வெளிய தெரியுமே!"

"முப்பது வருஷம் பாத்ததுதானே," என்றார் டெலின்.

"அந்த அனுமதிச் சீட்டு காலாவதி ஆகி ரெண்டு வருஷமாச்சு. திரை எங்கன்னு தேடுங்க."

தலைமாட்டில் இருந்த கருவியிடம் சொன்னால் திரை மூடும் என்று ஒரு தாளில் எழுதியிருந்தது. டெலின் குனிந்து, தன் ஊர்ப் பேச்சில், "திரையை மூடு!" என்று கத்தினார். தொலைக்காட்சி ஓடத் தொடங்கியது. மறுபடியும் கத்தினார். விளக்கெல்லாம் அணைந்தது. சூயூன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, செய்தி வாசிப்பவளைப் போலத் திருத்தமாக இரண்டு சொல் சொன்னாள். கண்ணாடிக்குக் குறுக்கே திரை இறங்கியது.

"என் பேச்சு மனுஷங்களுக்கே புரியாது, மிஷினுக்கா புரியப்போகுது," என்றார் அவர். அது வேடிக்கைக்குச் சொன்னதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எங்கே படுப்பது என்று பேச்சு வளரவில்லை. கூடுதலாக ஒரு கனத்த போர்வை கேட்டு வாங்கினார்கள். அதைக் குளியல் தொட்டிக்குள் விரித்து, துண்டுகளைச் சுருட்டித் தலைக்கு வைத்து, டெலின் அதிலேயே படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குக் கதவு தட்டப்பட்டது. மணப்பெண் சின்லான் நின்றாள், கையில் சூயூனுக்குத் தைத்த சிவப்புப் பட்டு உடையோடு.

"இடுப்பு சரியா இருக்கான்னு பாத்துடலாம் அத்தை. இருங்க, பட்டுத் துணியாச்சே, கையைக் கழுவிட்டு வந்துடறேன்."

சூயூன் தடுப்பதற்குள் அவள் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள். அடுத்த நொடி ஓர் அலறல் கேட்டது. தொட்டிக்குள்ளிருந்து டெலின் திடுக்கிட்டு எழுந்தார். தோள் குழாயில் இடித்துத் தண்ணீர் பீறிட்டது. தலைமுடி சொட்டச் சொட்டப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்த மாமனாரைப் பார்த்துச் சின்லான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"குறட்டை," என்றார் டெலின் அவசரமாக. "நான் பயங்கரமா குறட்டை விடுவேன்."

சின்லானின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "அத்தை தூக்கம் கெடக் கூடாதுன்னு தொட்டியில போய்ப் படுத்தீங்களா மாமா? எங்க வீட்ல இதெல்லாம் நான் பாத்ததே இல்ல. நானும் ஹெங்கும் முப்பது வருஷம் கழிச்சு இப்படி இருந்தா அது போதும்."

அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. இதுவரை சொன்ன பொய்யெல்லாம் சூயூனுக்கு உறுத்தவில்லை. இதை மட்டும் விழுங்க முடியவில்லை.

"உக்காரும்மா," என்றாள். "எங்களுக்கு விவாகரத்தாகி ரெண்டு வருஷமாகுது."

டெலின் ஈரத்தோடு நின்றபடியே தரையைப் பார்த்தார். சின்லான் பட்டு உடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஹெங்குக்குத் தெரியாதா?"

"தெரியாது. கல்யாணம் முடிஞ்சு சொல்லலாம்னு..."

"என்னால அவர்கிட்ட மறைக்க முடியாது அத்தை. நீங்களே சொல்லிடுங்க. இன்னிக்கே."

ஒன்பது மணிக்குக் காலை உணவுக் கூடத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். சூயூன்தான் சொன்னாள். ஹெங் பாதி உரித்த முட்டையைத் தட்டில் வைத்தான்.

"விவாகரத்து யார் கேட்டது?"

"நான்தான்," என்றாள். "பித்தப்பையில கல்லுன்னு ஆபரேஷன் ஆச்சே, உங்கப்பா ரெண்டாம் நாள்தான் வந்தார். ஒரு டப்பா நூடுல்ஸ் வாங்கிட்டு வந்து, என் பக்கத்துல உக்காந்து, அவரே சாப்பிட்டு முடிச்சார். வலிக்குதான்னு ஒரு வார்த்தை கேக்கல. அன்னிக்கு முடிவு பண்ணேன்."

"அதுக்காகவா?"

"அதுக்காக மட்டும் இல்லடா. அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."

ஹெங் அப்பாவைப் பார்த்தான்.

"நிஜம்தான்," என்றார் டெலின். "வயித்துல குழாயைப் பாத்ததும் பயந்துட்டேன். என்ன கேக்கறதுன்னு தெரியல. கையில நூடுல்ஸ் இருந்துது. சாப்பிட்டேன்."

இந்த இரண்டு வருடத்தில் அவர் இதைச் சொல்லி அவள் கேட்டதில்லை. சொன்னதால் எதுவும் மாறிவிடவில்லை. ஆனாலும் தேநீர்க் கெண்டியை எடுத்து அவருடைய காலிக் கிண்ணத்தை நிரப்பினாள்.

ஹெங்கின் முகம் சிவந்திருந்தது. "புத்தாண்டுக்கு வந்து சிரிச்சு விளையாடினதெல்லாம் நாடகமா? எனக்கு இருபத்தொம்பது வயசும்மா. என்னை என்னன்னு நினைச்சீங்க?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். சின்லான் பின்னாலேயே ஓடினாள்.

இருவரும் அறைக்குத் திரும்பினார்கள். கல்யாணம் நிற்குமோ என்று சூயூனுக்குப் பயம். "நிக்காது," என்றார் டெலின்.

மதியம் ஹெங் வந்தான். கோபம் போகவில்லை, ஆனால் வேலையாக வந்திருந்தான். "அப்பா, மாப்பிள்ளைத் தோழன் அறையில இன்னொரு கட்டில் காலியா இருக்கு. அங்க போய் மனுஷன் மாதிரி படுங்க. மேடையில ரெண்டு நாற்காலி அப்படியே இருக்கும், ரெண்டு பேரும் எனக்கு அப்பா அம்மாதான். தொகுப்பாளர் 'முப்பத்திரண்டு வருஷ இணைபிரியாத் தம்பதி'ன்னு எழுதி வெச்சிருந்தார். அந்த வரியை அடிச்சிட்டேன்."

"சின்லான் வீட்ல?" என்றாள் சூயூன்.

"அவளே சொல்லிட்டா. அவங்க அம்மா கொஞ்ச நேரம் முணுமுணுத்தாங்க. அப்புறம் மீன் எத்தனை மேசைக்குன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க."

ஞாயிறு நண்பகல் சூயூன் சிவப்புப் பட்டில் மேடையேறினாள். இடுப்பு கொஞ்சம் பிடித்தது. சின்லான் கல்யாணச் சடங்குப்படி தேநீர்க் கிண்ணத்தை இரு கையாலும் நீட்டி, முதல்முறையாக, "அம்மா, குடிங்க," என்றாள். அடுத்து, "அப்பா, குடிங்க," என்றபோது டெலின் அவசரத்தில் வாயைச் சுட்டுக்கொண்டார். கூட்டம் சிரித்தது.

திங்கட்கிழமை ஹெங்கே காரில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டான். அப்பாவின் ரயில் பத்துக்கு, அம்மாவுடையது பதினொன்றுக்கு. அப்பாவை ஏற்றிவிட்டு வந்து அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். அறிவிப்பு வந்ததும் எழுந்து பெட்டியை அவளிடம் கொடுத்தான்.

"புத்தாண்டுக்கு முதல் மூணு நாள் உங்க வீடு, அடுத்த மூணு நாள் அப்பா வீடு," என்றான். "அவர் சமைப்பாராம்மா?"

"எனக்கு எப்படிடா தெரியும்? போய்ச் சாப்பிட்டுட்டு வந்து சொல்லு," என்று சொல்லிவிட்டு அவள் வரிசையில் நின்றாள்.