டிம்மில் மட்டும்

கஜேந்திரன் சேரின் ஒஸ்டின் கார் மறுபடியும் என் கராஜ் வாசலில் வந்து நின்றபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு வருஷமாக முகம் காட்டாத மனிதர். வண்டியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தும்போதே என் தண்ணீர் வாளியை நசுக்கினார். இறங்கி வந்து, "உதை ஆர் உதிலை வைச்சது?" என்று என்னிடமே கேட்டார். வாளி எப்போதும் இருக்கும் சுவரோரத்தில்தான் இருந்தது. ஆனால் சேர் பிழை விடமாட்டார். வாளி விடும், பெற்றோல் ஷெட்காரன் விடுவான், வீட்டில் மனைவி விடுவார். அறுபத்தாறு வயது வரைக்கும் அவர் மட்டும் ஒரு பிழையும் விட்டதில்லை.

நான் லோஜினி. பல்லேகலவில் ஸ்டேடியத்துக்குத் திரும்பும் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் கராஜ் வைத்திருக்கிறேன். வாகன வயரிங் மட்டும்தான் செய்வேன். பொம்பிளை வயரிங் செய்கிறாளாம் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள் பலர், வண்டியையும் கொண்டுவந்தவர்கள் சிலர். அந்தச் சிலரை வைத்துத்தான் பிழைப்பு.

போன வருஷம் இந்த ஒஸ்டினின் வயரிங் முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதிதாக இழுத்தது நான். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் ஆண்டு வண்டி. துணி சுற்றிய பழைய வயர்கள் கை பட்டாலே தூளாகக் கொட்டின. இரண்டரை மாதம் வண்டிக்கு அடியிலேயே கிடந்தேன். வயர்களைச் சேர்த்துக் கட்ட மற்றவர்கள் டேப் சுற்றுவார்கள். என்ஜின் சூட்டில் அதன் பசை உருகி வழியும். நான் மெழுகு நூலால் கட்டுவேன், இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சு. அந்த முடிச்சை எந்த கராஜிலும் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் ஏழு வருஷம் கட்டுகலைப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் மாலை கட்டினேன். மல்லிகையைக் கட்டுகிற அதே முடிச்சுத்தான். இழுக்க இழுக்க இறுகும், காம்பு நசியாது.

கண்டியில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை எல்லோருமாக ஹுன்னஸ்கிரிய மலைக்கு ஏறுவார்கள். சொந்தக் கையால் புதுப்பித்த வண்டிக்கு ஒரு சுழற்கிண்ணம் உண்டு. போன வருஷம் அது கஜேந்திரன் சேருக்குப் போனது. பேஸ்புக்கில் வீடியோ பார்த்தேன். சங்கத்துச் செயலாளர் ஹுதைபா ஹாஜியார், திகனயில் சரக்குக்கடை வைத்திருப்பவர், பொனட்டைத் திறந்து வயரிங்கைத் தடவிப் பார்க்கிறார். "மாஷா அல்லாஹ்! இந்த முடிச்செல்லாம் யார் போட்ட?" என்று கேட்கிறார். சேர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "நான்தான். ஒவ்வொண்டா இருந்து கட்டினனான்" என்கிறார். ஓய்வுபெற்ற இன்ஜினியர் அல்லவா, எல்லோரும் நம்பிக் கைதட்டுகிறார்கள்.

அந்த வீடியோவைப் பதினொரு தரம் பார்த்தேன். பிறகு போன் எடுத்துக் கேட்டேன். "உமக்குரியதை நான் தந்திட்டன்தானே பிள்ளை, பிறகென்ன?" என்று சொல்லி வைத்துவிட்டார். சங்கத்தில் நாற்பது கார்கள் இருந்தன. ஒரே ஒரு தரம் என் பெயரைச் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது என் வாசலுக்கு வந்திருக்கும். ஒன்றுகூட வரவில்லை. வந்தது ஒரு செய்திதான். என்னிடம் வேனைத் திருத்தத் தரும் ரவிகுமார் கொண்டுவந்தான். "பல்லேகலப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கு, பல்ப் மாத்தக் குடுக்கலாம்" என்று சேர் யாரிடமோ சொன்னாராம்.

பல்ப் மாற்ற! அன்றைக்கே மனதில் எழுதி வைத்தேன், இந்த மனிதன் ஒருநாள் என் கையில் விழுவார் என்று.

விழுந்தார். கொழும்பில் யாரிடமோ கொடுத்து ஒஸ்டினின் தலைவிளக்குகளைக் கழற்றி எல்ஈடி போட்டிருந்தார். பகலிலேயே கண்ணைக் குத்தும் வெளிச்சம். ஆனால் பம்பருக்குக் கீழே இருந்த இரண்டு மஞ்சள் ஃபொக் லைட்டையும் போட்டால் எல்ஈடி துடித்தது, ஃபொக் லைட் மங்கியது. போட்டி சனிக்கிழமை. இந்த வருஷம் ஃபொக் லைட் சரியாக எரியாத வண்டிக்குப் பரிசு இல்லை என்று புதுச் சட்டம். மலையில் பனிமூட்டம் இறங்கியதும் அதற்குள்ளேயே எரித்துக் காட்ட வேண்டும்.

"நான் செய்யலாம். நேரமில்லை" என்றார் சேர்.

"ஆமா சேர். நேரந்தான் இல்ல" என்றேன்.

பொனட்டைத் திறந்தால் என் முடிச்சுகள் அப்படியே இருந்தன. அவற்றுக்கு நடுவே கொழும்பான், தலைவிளக்குக்குப் போகும் வயரைச் சுரண்டி, அதிலிருந்தே ஃபொக் லைட்டுக்கும் மின்சாரம் எடுத்திருந்தான். பழைய பல்புகள் இதைப் பொறுத்துக்கொள்ளும். எல்ஈடிக்குப் பொறுமை கிடையாது, கொஞ்சம் குறைந்தாலும் துடிக்கும். ஃபொக் லைட்டுக்கு பெட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து, ஒரு ஃபியூஸும், மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு ரிலேயும் போட்டு, தனி சுவிட்ச் வைத்தால் முடிந்தது. ஒரு நாள் வேலை.

வேலை தொடங்கும் முன் அரை மணித்தியாலம் சும்மா இருந்து யோசித்தேன். நல்லவள் மாதிரிப் பேச எனக்கு வராது. எப்படிக் கெடுக்கலாம் என்றுதான் யோசித்தேன். எர்த் வயரின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்திவிட்டால் போதும், மலையேறுகிற குலுக்கலில் கழன்று விளக்கெல்லாம் அணைந்துவிடும். ஸ்பானரைக் கையில் எடுத்தும் விட்டேன். அப்போதுதான் புத்தி வந்தது. ஹுன்னஸ்கிரியப் பாதையில் ஒரு பக்கம் பள்ளம். ஆளுக்கு ஏதாவது ஆனால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். ஆள் பிழைத்தாலும் நாசமாகப் போவது என் வேலைதான். என் கையால் ஒரு கெட்ட வேலை வெளியே போனால், இவர் சொன்ன பல்ப் மாற்றுகிற பிள்ளை நான்தான் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அதனால் முறையாகவே செய்தேன். மற்ற எந்த வண்டிக்கும் செய்ததைவிட முறையாக. முறைப்படி ஃபொக் லைட், தலைவிளக்கைத் தாழ்த்தி வைக்கும் டிம்மில் மட்டும்தான் எரிய வேண்டும். பனிமூட்டத்துக்குள், தூரம் பாயும் பிரைட்டைப் போட்டால் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டதுபோல் திரும்பி ஓட்டுபவரின் கண்ணிலேயே அடிக்கும். ஆகவே ரிலேயை இயக்கும் வயரை டிம் வயரிலிருந்து எடுத்தேன். டிம்மில் நின்றால் ஃபொக் லைட் எரியும். பிரைட்டுக்குத் தட்டிய உடனே அணைந்துவிடும். இந்த வேலையைத் தன் கையால் செய்த எவருக்கும் அது தெரியாமல் இராது.

அப்போதுதான் சேரின் புது எல்ஈடி ஞாபகம் வந்தது. அந்த பிரைட்டை நாலு பேருக்குப் போட்டுக் காட்டாமல் இவரால் இருக்க முடியுமா? ஃபொக் லைட் எரியாவிட்டால் இவர் வாய் சும்மா இருக்குமா? வாளிக்கே பழி போட்ட வாய். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். கொழும்பான் சுரண்டிய இடத்தையும் சரிசெய்து, புது வயர் முழுவதையும் என் முடிச்சால் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சேர் வந்தார். நான் டிம்மில் வைத்து எரித்துக் காட்டினேன். துடிப்பு இல்லை. இரண்டும் மஞ்சளாக, கனிந்து எரிந்தன. எங்கே விழுவார் என்று தெரிந்தும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் செய்தேன். சொல்லாமல் விட்டால் அது என் வேலையில் குறை.

"சேர், இது ஒன்னு மட்டும் கேட்டுக்குங்க. பிரைட்ல வச்சீங்கன்னா..."

"வயரிங் எனக்குப் படிப்பிக்காதையும் பிள்ளை. நான் இன்ஜினியர். எரியுதுதானே, காணும்."

எழுதியும் வைத்திருந்தேன். ஒரு மட்டையில் நாலு வரி, அடியில் என் பெயரும் போன் நம்பரும். அதை நீட்டினேன். வாசிக்கவே இல்லை, பெயரை மட்டும் பார்த்தார்.

"உதெல்லாம் வேண்டாம். பில்லும் வேண்டாம். வண்டிக்குள்ளை ஆரும் கண்டால் என்ன நினைப்பினம்?" என்று மட்டையைத் திருப்பிக் கையில் திணித்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை கராஜைப் பூட்டினேன். ஃப்ளாஸ்க்கில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு மஹியங்கனை பஸ்ஸில் ஏறினேன். கல்யாண வீட்டுக்குப் போகிறவளைப் போல நல்ல சாரி வேறு.

ஹுன்னஸ்கிரியவில் மைதானம் நிறையக் கார்கள். ஏறி வரும்போது வெயில் அடித்தது. ஒன்பதரைக்குப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் கிளம்பி, பத்து நிமிஷத்தில் மைதானத்தை மூடியது. ஹுதைபா ஹாஜியார் கையில் ஒரு கட்டுப் படிவங்களோடு வண்டி வண்டியாக வந்தார். சொந்தக் கையால் புதுப்பித்த வண்டி என்ற பிரிவில் மூன்றே மூன்று. ஒஸ்டின் கடைசியாக நின்றது. பின் சீட்டில் போன வருஷக் கிண்ணம் துடைத்த பளபளப்போடு இருந்தது. இந்த வருஷமும் அதைத் திருப்பிக் கொண்டுபோகிற எண்ணம் முகத்தில் தெரிந்தது. நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நின்றேன்.

"எல்லாமே ஒங்கட கைவேலதானே சேர்?" என்று ஹாஜியார் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஓம், ஓம். ஒரு ஆணிகூட வேறை ஆளைத் தொட விடேல்லை."

"அப்ப லைட்டப் போட்டுக் காட்டுங்களே."

சேர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். தலைவிளக்கைப் போட்டார். எங்கே போட்டார்? பிரைட்டில்தான். வெள்ளை வெளிச்சம் பனியில் அடித்துத் திரும்பியது, முன்னால் நின்றவர்கள் கண்ணைப் பொத்தினார்கள். சேர் பெருமையாகச் சிரித்துக்கொண்டே ஃபொக் லைட் சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் எரியவில்லை. இன்னொரு தரம் தட்டினார். பிறகு டக் டக் என்று பத்துத் தரம்.

"என்ன சேர், ஃபியூஸா?" என்றார் ஹாஜியார்.

சேர் இறங்கினார். முகம் சிவந்திருந்தது. வாய் திறந்தது.

"எல்லாம் அவள் செய்த கூத்து! நேற்றுத்தான் எடுத்தனான். அந்த லோஜினியிட்டைக் குடுத்தது என்ரை பிழை!"

"எந்த லோஜினி?" என்றார் ஹாஜியார்.

சொன்னது என்னவென்று சேருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் சொல்லி முடித்தாயிற்று, விழுங்க முடியாது. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தேன்.

"நாந்தான் ஹாஜியார், பல்லேகல லோஜினி. லைட்டுல ஒரு பிழையும் இல்ல. சேர், டிம்ல போடுங்க."

அவர் அசையவில்லை. ஹாஜியாரே வண்டிக்குள் கையை நீட்டி டிம்முக்குத் தட்டினார். இரண்டு ஃபொக் லைட்டும் மஞ்சளாகப் பனிக்குள் இறங்கி, தரையில் கிடந்த புல்லைக்கூடக் காட்டின. நான் ஏன் அப்படி வைத்தேன் என்று இரண்டே வரியில் சொன்னேன். கூட்டத்தில் ஓரிருவர் தலையாட்டினார்கள்.

சேர் விடவில்லை. "ஃபொக் லைட் மட்டுந்தான் இவ செய்தது. மற்ற வயரிங் முழுக்க என்ரை கைவேலை."

இந்த வார்த்தைக்காகத்தான் என் கைப்பைக்குள் மெழுகு நூலும் இரண்டு துண்டு வயரும் இருந்தன. நூலில் ஒரு முழம் வெட்டி, வயரோடு நீட்டினேன்.

"அப்ப ஒரு முடிச்சு போட்டுக் காட்டுங்க சேர். ஒன்னே ஒன்னு போதும்."

"கண்ணாடி கொண்டுவரேல்லை."

"கழுத்துல தொங்குதே சேர்" என்றார் ஹாஜியார், மிகவும் மரியாதையாக.

சேர் கண்ணாடியைப் போட்டார். இரண்டு வயரைச் சேர்த்துப் பிடித்து நூலைச் சுற்றினார். சப்பாத்து லேஸ் கட்டுகிற முடிச்சுத்தான் வந்தது. ஹாஜியார் ஒரு விரலால் இழுத்தார், வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு தரம் சுற்றினார். நான் அவசரப்படுத்தவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுக்கட்டும் என்று நின்றேன். அந்த நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் யாருக்கும் விட்டுக்கொடுத்திருக்கமாட்டேன்.

பிறகு நூலையும் வயரையும் வாங்கி, ஹாஜியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கையைப் பார்க்காமல் ஒன்பது முடிச்சுப் போட்டேன். அவர் பொனட்டைத் திறந்து, அதை உள்ளே இருந்த முடிச்சுகளோடு வைத்துப் பார்த்தார். படிவத்தில் குறுக்கே கோடு இழுத்தார், பின் கதவைத் திறந்து கிண்ணத்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "தங்கச்சி, நம்பரத் தாங்களே" என்றார். சேர் திணித்துவிட்டுப் போன அதே மட்டையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அது கைமாறிக் கைமாறிப் போவதைச் சேர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பகல் சாப்பாட்டுக்குக்கூட அவர் நிற்கவில்லை. பனி இன்னும் கலையாமல் இருந்தது. ஒஸ்டின் மைதானத்து கேட் அருகே மெதுவாக வந்தபோது நான் அங்கேதான் நின்றேன். பாவமாக இருந்ததா என்று பலரும் கேட்டுவிட்டார்கள். இல்லை. சந்தோஷமாக இருந்தது. பிரைட்டில் வந்தவர் பாதை தெரியாமல் நிறுத்தினார், ஒரு கணம் பொறுத்து டிம்முக்குத் தட்டினார். என் மஞ்சள் வெளிச்சம் தார்ப்பாதையைக் காட்டியது. கதவுக் கண்ணாடியை இறக்கி, என் முகத்தைப் பாராமல், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பிள்ளை, நடந்தது நடந்துபோச்சு. கீழை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும், என்ன?"

"பார்த்துப் போங்க சேர்" என்றேன். "ஊரெல்லாம் சொல்லுவேன்."

சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.