உரிமையாளர் இல்லாத பெட்டி

மூன்று கேள்விகள் கேட்டு மேலிடத்திலிருந்து எனக்கு ஒரு குறிப்பாணை வந்திருக்கிறது. மூன்று நாளில் பதில் வேண்டுமாம். பதில் எழுதுவதற்கு முன் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கோபத்தில் எழுதினால் வரிசை குலைந்துவிடும். குலையாமல் எழுதினாலும் கோபம் போகப்போவதில்லை.

எங்களுடையது மின்சார விநியோக அலுவலகம். நான் பதிவேட்டுப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். போன வருடக் கடைசியில் ஒரு கட்டமைப்பு நிபுணர் வந்து சேர்ந்தார். நிறுவனம் முழுவதையும் ஒரே படத்தில் வரைந்து காட்டுவது அவர் தொழில். எதைப் பேசினாலும் பலகையில் ஒரு கட்டம் போட்டுவிட்டுத்தான் பேசுவார் என்பதால், இரண்டாம் நாளே ‘கட்டம் சார்’ என்று பெயர் விழுந்துவிட்டது.

“ஒரு ஆபீஸ்ல நாலு அடுக்கு இருக்கு” என்றார் முதல் கூட்டத்தில். “மேல, நாம செய்யற வேலை. அதுக்குக் கீழ, அந்த வேலைக்கு வேண்டிய தகவல். அதுக்கும் கீழ, தகவலைக் கையாளற மென்பொருள். அடியில, அது ஓடற கருவி. மேலருந்து கீழ வரைக்கும் கோடு போட்டுப் பாத்தா, எதைப் பிடுங்கினா எது விழும்னு தெரிஞ்சுடும்.”

எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். இன்றைய நிலைக்கு ஒரு படம். மூன்று வருடம் கழித்து இருக்க வேண்டிய நிலைக்கு ஒரு படம். இங்கிருந்து அங்கே போவதற்கு எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று ஒரு பட்டியல். எந்தக் கோப்பு எந்த வேலைக்கு என்று யாருக்கும் முழுதாகத் தெரியாத இடத்தில் இது பெரிய காரியம். விவரம் நிரப்பும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன்.

படிவத்தில் ஆறு பத்திகள்: என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன். கடைசிப் பத்தி மட்டும் பூட்டியிருந்தது. காரணம் கேட்டேன்.

“அது அடுத்த வருஷம். முதல்ல இருக்கறதை எண்ணுவோம். எதுக்கு இருக்குன்னு அப்புறம் பாத்துக்கலாம்.”

அங்கேயே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

மாடிப்படிக்குப் பக்கத்தில் தொலைபேசி அறை. அங்கே இருப்பவர் போன் அக்கா. அவர் மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஒரே ஒரு பட்டியல்தான் உண்டு: மூச்சுக் கருவி வைத்திருக்கும் நோயாளிகளின் வீடுகள். பழுது பார்க்க ஒரு தெருவில் மின்சாரத்தை நிறுத்தும் நாளில், அக்கா அந்தத் தெருப் பெயரைத் தட்டுவார். வரும் எண்களுக்கெல்லாம் பத்து மணிக்குள் போன் போய்விடும். அவர்கள் ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாறிக்கொள்வார்கள். பதினாறு வருடமாக ஒரு வீடு தவறியதில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு நான் போட்ட எண் 147. ‘யார்’ பத்தியில் உரிமையாளர் பெயரைப் பணியாளர் பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க முடியும். அக்கா ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், பட்டியலில் இல்லை. கட்டம் சாரிடம் கேட்டேன். “காலியா விடுங்க சார், பெரிய விஷயமா?” என்றார். விட்டேன். எந்தக் கட்டத்தோடு கோடு சேருகிறது என்ற இடமும் காலி. அது வேறெந்தக் கம்ப்யூட்டரோடும் பேசவில்லை, அக்காவோடுதான் பேசியது. மனிதருக்குக் கோடு போட அந்தப் படத்தில் வழியில்லை.

உரிமையாளர் இல்லை, கோடும் இல்லை என்றால் அந்தக் கட்டம் தானாகவே கழிவுப் பட்டியலுக்குப் போகும். அது அவர் வைத்த விதி. வியாழக்கிழமை அந்தப் பட்டியல் சரிபார்ப்புக்கு என்னிடம் வந்தது. மொத்தம் நாற்பத்தொன்று என்றிருந்தது. எண்ணினேன். நாற்பத்தொன்று சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். என்னென்ன என்று படிக்கவில்லை, எண்ணினேன். இருபத்திரண்டு வருட சர்வீஸ்!

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு போன் அக்கா என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, என் பெட்டி எங்க?”

ஓடிப் போய்ப் பார்த்தேன். மேசையில் தூசு படியாத ஒரு சதுரம் மட்டும். பதினொரு மணிக்குக் குளத்துத் தெருவில் மின்நிறுத்தம்.

“அந்தத் தெருவுல எத்தனை வீடு அக்கா?”

“மூணுன்னு நினைக்கறேன். பஸ் டிரைவரா இருந்தாரே, அவரு வீடு ஒண்ணு. கருவி நின்னா பத்து நிமிஷம் தாங்க மாட்டாரு. மத்தவங்க இப்பதான் சேந்தாங்க. குரல் தெரியும், நம்பர் எனக்கு எங்க மனப்பாடம்?”

இருவரும் கட்டம் சார் அறைக்குப் போனோம். அவர் படத்தைத் திரையில் விரித்தார்.

“நூத்தி நாப்பத்தேழா? அதுக்கு உரிமையாளரே இல்லையே.”

“இதோ நிக்கறாங்களே சார், கண்ணு தெரியலையா?”

“கோபப்படாதீங்க. படத்துல இல்லாததை நான் எப்படிச் சேக்கறது? மாற்றக் கோரிக்கை போடுங்க. குழு வியாழக்கிழமை கூடுது.”

“அதுவரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லட்டுமா சார்?” என்றார் அக்கா.

அவர் பேனாவை மூடினார், திறந்தார். “எமோஷனலா பேசினா எப்படிம்மா? ஒரு முறைன்னு இருக்குல்ல.”

முறையாம்! அந்த மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். தன் படத்தை அவர் நம்பினார். நானும் நம்பித்தானே எண்ணினேன்.

கழிவுப் பொருள் போடும் கிடங்குக்கு ஓடினோம். பெட்டி இருந்தது, வெள்ளைத் தாள் ஒட்டி, நாற்பது பெட்டிகளுக்கு அடியில். ஒயரைக் காணோம். மணி பத்தரை. அக்காவைத் தேடச் சொல்லிவிட்டு, நான் லைன் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டேன்.

“இன்னைக்குக் குளத்துத் தெருவுல நிறுத்தாதீங்க சார்.”

“யாரு, பதிவேட்டுப் பிரிவா? ஆறு பேரு கம்பத்துல ஏற ரெடியா நிக்கறான் சார். எழுத்துல குடுங்க. இல்லன்னா பதினொண்ணுக்குக் கரண்டை நிறுத்திடுவேன்.”

எழுத்தில்தானே வேண்டும்? கிடங்குக்காரர் மேசையில் இருந்த தாளை இழுத்தேன். ‘குளத்துத் தெருவில் இன்று 11 மணிக்கு அறிவிக்கப்பட்ட மின்நிறுத்தம் ரத்து செய்யப்படுகிறது. மூச்சுக் கருவி வீடுகளுக்குத் தகவல் தரப்படவில்லை.’ தேதி, நேரம் 10.48, கையெழுத்து, பதவி. ஒன்றையும் விடவில்லை. படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நிமிடத்தில் அவரே அழைத்தார். “ஆளுங்களைத் திரும்பி வரச் சொல்லிட்டேன். ஆமா, பதிவேட்டுப் பிரிவுக்கு இந்த அதிகாரம் எப்ப சார் வந்துச்சு?”

“இப்பதான்.”

“நல்லா மாட்டுனீங்க போங்க” என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டே காலுக்கு ஒயர் கிடைத்து, பெட்டிக்கு உயிர் வந்தது. அக்கா தெருப் பெயரைத் தட்டினார். மூன்று இல்லை, ஐந்து வீடுகள். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் குறிப்பாணை. எந்த அதிகாரத்தில் மின்நிறுத்தத்தை ரத்து செய்தாய்? கழிவுப் பொருளை அனுமதியின்றி ஏன் எடுத்தாய்? 147இல் உரிமையாளரைக் காலியாக விட்டது ஏன்? ஐந்து வீடுகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

எழுதிப் பார்த்தாயிற்று. இனி பதில்.

ஒன்று: எந்த அதிகாரத்திலும் இல்லை. இரண்டு: அது கழிவுப் பொருள் அல்ல. மூன்று: பதினாறு வருடம் அந்த வேலையைச் செய்தவர் பெயர் உங்கள் பட்டியலில் இல்லாததால். அவர் பெயரைச் சேர்த்த பிறகு அந்தப் பத்தியை நிரப்புகிறேன். சம்பளப் பிடித்தம், இடமாற்றம் எதுவானாலும் எனக்கு மட்டும். மேலும், நாற்பத்தொரு கட்டங்களுக்கும் நான் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன். மற்ற நாற்பதையும் யார் எதற்கு வைத்திருந்தார்கள் என்று மேசை மேசையாகப் போய்க் கேட்டு வருகிறேன். அதுவரை ஒன்றும் கிடங்கை விட்டுப் போகக் கூடாது. நகல்: கட்டமைப்பு நிபுணருக்கு.

அனுப்புவதற்கு முன் அக்காவிடம் படிக்கக் கொடுத்தேன்.

“என்ன தம்பி, ‘பணிவுடன்’னு முடிச்சிருக்கீங்க?”

அதை அடித்தேன்.

அக்கா சிரித்துக்கொண்டே போனை எடுத்தார். தள்ளிப்போன மின்நிறுத்தம் இன்று பதினொரு மணிக்கு. “அம்மா, கரண்ட் ஆபீஸ்லருந்து பேசறேன். டிரைவர் அய்யா எழுந்துட்டாரா? பதினொண்ணுக்கு நிக்கும், சிலிண்டரை மாத்தி வெச்சுக்குங்க. என்ன? திங்கக்கிழமை ஏன் போன் வரலையா? அன்னைக்குக் கரண்டே நிக்கலையேம்மா.”

கடிதத்தை உறையில் போட்டு, நானே மேல்மாடிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.