நூற்றுத் தொண்ணூறு வாட்

அக்காவிடமிருந்து போன் வந்தபோது பகல் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. வெளியே மூன்றாவது நாளாக மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. தங்கைக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை போட்டதிலிருந்து ஊருக்கே அவள் 'திருப்புளி'தான். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஸ்க்ரூடிரைவர் குத்திக்கொண்டு நிற்கும். அக்காவும் தங்கையும் பேசி ஐந்து மாதமாகிறது. உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "இவ கை வெச்சது எது உருப்பட்டிருக்கு?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்ட நாளிலிருந்து.

"நீ உடனே வரணும்" என்றாள் அக்கா. எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "காலைல இடி விழுந்து, கணக்குப் போடற பெரிய மெஷின் போயிடுச்சு. என் மேஜைல இருக்கறது ஒண்ணுதான் மிச்சம். அதுவும் ஒரு நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் நொண்டுது."

அக்கா அணைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பொறியாளர். எந்த மதகை எப்போது எத்தனை அடி தூக்கினால் கீழே தண்ணீர் எங்கே எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை. நான்கு மணிக்கு மதகைத் தூக்கியே ஆக வேண்டும், அதற்கு மேல் அணை தாங்காது. கணக்கில்லாமல் தூக்கினால், தாழ்வில் இருக்கும் நானூறு வீடுகளில் எது முழுகும், எது தப்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

திருப்புளி மறுபேச்சுப் பேசவில்லை. தன் சொந்தக் கம்ப்யூட்டரிலிருந்து பிராசஸரைக் குளிர்விக்கும் பெரிய கூலரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மழையில் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

பன்னிரண்டரைக்கு அந்த அறைக்குள் நுழைந்தாள். நான்கு மேஜைகள், சுவர் முழுக்க வரைபடங்கள், மூலையில் கருகிய வாடையோடு பெரிய மெஷின். கண்காணிப்பாளர் இரண்டு காதிலும் இரண்டு போனை வைத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

"இப்ப விட்டா எப்ப முடியும்?"

"நாலரை மணி நேரம் காட்டுது. அஞ்சு மணி ஆயிடும்."

திருப்புளி திரையைப் பார்த்தாள். பிராசஸர் நல்ல ஜாதி. விட்டால் இருநூற்றைம்பது வாட் வரை இழுத்துக்கொண்டு பறக்கும். ஆனால் மதர்போர்டின் அமைப்பில் கடிவாளம் போட்டிருந்தார்கள்: முதல் ஒரு நிமிடம் வேண்டிய அளவு மின்சாரம், அதன் பிறகு அறுபத்தைந்து வாட்டுக்கு மேல் ஒரு சொட்டுக் கிடையாது.

"பந்தியில உக்கார வெச்சு, ரெண்டாவது வாய்க்கு இலையை எடுத்த கதைதான்" என்று முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிராசஸர்களை அவற்றின் வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்கும் ஓவர்கிளாக் பைத்தியம் அவளுக்கு உண்டு. இந்தக் கடிவாளம் அவளுக்குப் பழைய சிநேகிதம். மெஷினை நிறுத்தி, அமைப்புப் பக்கத்துக்குள் போய், இரண்டு வரம்பையும் இருநூற்றைம்பதுக்கு ஏற்றிவிட்டாள்.

வேகம் ஜிவ்வென்று ஏறியது. ஃபேன் அலறியது. இரண்டே நிமிடத்தில் சூடு நூறு டிகிரியைத் தொட்டது; பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.

"கத்தரிக்கோல் இருக்கா? அந்த ஒயர்க் கட்டை வெட்டணும். டேபிள் ஃபேன் ஒண்ணு வேணும்." பக்கத் தகட்டைக் கழற்றித் தரையில் போட்டாள். மெஷினை நிறுத்தி, சின்னக் கூலரைப் பிடுங்கிவிட்டுத் தான் கொண்டுவந்ததைப் பொருத்தினாள். கடைசித் திருகைத் திருகி மெஷினைக் கிளப்பினாள். ஆனாலும் சூடு தொண்ணூற்றாறில் நின்றது. பிராசஸருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பாகங்கள், விரல் வைத்தால் பொசுங்கும் அளவுக்குக் கொதித்தன.

கடைசியாக, பிராசஸரின் வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாள். சூடு மளமளவென்று எண்பத்தெட்டுக்கு இறங்கியது. வேகம் இறங்கவில்லை. திரையில் மீதி நேரம் இரண்டு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. கண்காணிப்பாளர் ஒரு போனை வைத்துவிட்டு, "பிழைச்சோம்மா!" என்றார்.

திருப்புளி மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, போன வருஷ வெள்ளக் கணக்கு உங்கிட்ட இருக்கா? விடை தெரிஞ்ச ஒண்ணு."

"இருக்கு. எதுக்கு?"

"வோல்டேஜ் பத்தலைன்னா இது நின்னு போகணும்னு அவசியமில்ல. நல்லா ஓடற மாதிரியே ஓடி, தப்பா விடை சொல்லும். ஒரு வார்த்தை சொல்லாது. சோதிச்சுப் பார்க்கணும்."

"எவ்வளவு நேரம்?" என்றார் கண்காணிப்பாளர்.

"ஒம்பது நிமிஷம்."

"ஏம்மா, வீடு பத்தி எரியும்போது வாளியில ஓட்டை இருக்கான்னு பார்ப்பியா? ஓடறது ஓடட்டும். மேலேயிருந்து நிமிஷத்துக்கு ஒருதரம் கேக்கறாங்க."

திருப்புளி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அவள் சொன்னால் யார் கேட்பார்கள்? கடைக்காரி. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா வரைபடத்தில் தாழ்வான தெருக்களைச் சிவப்பில் கட்டம் கட்டியிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திட்டுச் சோதிக்கட்டும் சார்" என்றாள் அக்கா. "அந்த எண்ணுக்குக் கீழ கையெழுத்துப் போடப்போறது நான். இவ சந்தேகப்பட்டா நான் போட மாட்டேன்."

ஒன்பது நிமிடம் ஒன்பது வருஷமாக நகர்ந்தது. விடை வந்தது. போன வருஷம் தாழ்வான தெருவில் தண்ணீர் ஏறியது நான்கு அடி இரண்டு அங்குலம். இப்போது மெஷின் சொன்னது இரண்டு அடி ஏழு அங்குலம்.

கண்காணிப்பாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

திருப்புளி வோல்டேஜைப் பழைய இடத்துக்கே கொண்டுபோனாள். சூட்டைச் சமாளிக்க வரம்பை இருநூற்றைம்பதிலிருந்து நூற்றுத் தொண்ணூறு வாட்டுக்கு இறக்கினாள். மறுபடி சோதனை. நான்கு அடி இரண்டு அங்குலம். "ஓட்டு" என்றாள் அக்கா. அப்போது மணி ஒன்று இருபத்தைந்து. மீதி நேரம் இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம். கூட்டிப் பார்த்தால் மூன்று ஐம்பத்து மூன்று.

இரண்டு மணிக்குச் சூடு தொண்ணூற்று மூன்று. இரண்டரைக்குத் தொண்ணூற்றைந்து. மூன்று மணிக்கு மின்சாரம் தடுமாறி, ஜெனரேட்டருக்கு மாறியதில் ஏசியும் டேபிள் ஃபேனும் நின்றுபோயின. யூபிஎஸ் மெஷினைத் தாங்கிக்கொண்டது, ஆனால் அறை வெந்நீர் அண்டாவாகிவிட்டது. எண் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. போர்டிலிருந்து லேசாக நெடி வந்தது.

"ஜன்னலைத் திறங்க! விசிறுங்க, எதையாவது எடுத்து விசிறுங்க!"

கண்காணிப்பாளர் போனை மேஜையில் போட்டுவிட்டு, தடித்த ஃபைல் அட்டையை எடுத்துக்கொண்டு மண்டியிட்டார். சட்டை முதுகோடு ஒட்டிப்போகும் வரை விசிறினார். அவர் கை ஓய்ந்ததும் அக்கா வாங்கிக்கொண்டாள். திருப்புளி வெப்பம் காட்டும் கருவியைக் கொதிக்கும் பாகங்களின் மேல் பிடித்தபடி கண் சிமிட்டாமல் இருந்தாள்.

"கருகிடுமாடி?" அக்கா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"கருகலாம். இன்னும் கொஞ்ச நேரம் தாங்கிட்டா போதும்."

"அன்னிக்குக் கூடத்துல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"விசிறு முதல்ல. பேசறதை அப்புறம் பேசிக்கலாம்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசிறியபடியே சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர.

மூன்று ஐம்பத்து நான்குக்குக் கணக்கு முடிந்தது. அக்கா இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான்கு மணிக்கு முதல் மதகு ஒன்றரை அடி. ஆறு மணிக்கு இரண்டாவது. அந்த இடைவெளிக்குள் ஆற்றோரமுள்ள மூன்று தெருக்களைக் காலி செய்தாக வேண்டும். நாலாவது தெருவில் தண்ணீர் இரண்டாவது படியோடு நின்றுவிடும், மற்றவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். கண்காணிப்பாளர் இரண்டு போனிலும் ஒரே நேரத்தில் கத்த ஆரம்பித்தார்.

ஐந்தரை மணிக்கு அக்காவும் தங்கையும் ஒரே ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் போனார்கள். மூன்று தெருவும் வெறிச்சோடிக் கிடந்தது. நாலாவது தெருவில் ஒரு மனிதர் வாஷிங் மெஷினைத் தன்னந்தனியாக மாடிக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "அதை விட்டுட்டு மேல வாங்கன்னு எத்தனை தரம் சொல்றது!" என்று மனைவி மாடியிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறரைக்குப் பழுப்புத் தண்ணீர் தெரு முனையைத் திரும்பி வந்தது. சந்தடியில்லாமல் அந்த வீட்டு வாசலைக் கடந்து முதல் படியை மூடியது. இரண்டாவது படியின் விளிம்பு வரை ஏறியது. திருப்புளி அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.