சம்மதம் ஓடிய வேகம்

டிவி பெட்டிக்குள் கல்யாணம் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் பாதியில் ஒரு குறையும் இல்லை. கிளமெண்டி வீட்டில் பெண்ணுக்குப் பூ வைத்தார்கள், பெரியவர்கள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்தார்கள், மாதா கோயில் வாசலில் கார் வந்து நின்றது. எல்லாம் மனிதர் நடக்கும் வேகத்தில்தான் நடந்தது. சாமியார் பிரசங்கம் வைக்க வாயைத் திறந்தாரோ இல்லையோ, பிடித்தது சனி. படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் பாய்ந்தன. சாமியார் ஈ ஓட்டுவதுபோல் கையை ஆட்டிக்கொண்டு கீச்சுக்குரலில் கத்தினார். நடுவே சரியாவதுபோல் போக்குக் காட்டிவிட்டு மறுபடியும் பிய்த்துக்கொண்டு ஓடியது.

சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு எதிரே ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்த வீடியோ கடையில் எடிட்டிங் செய்வது பிரிஜட்டின் வேலை. 1988இல் எடிட்டிங் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு வீடியோ டெக்கில் மூலக் கேசட்டை ஓடவிட்டு, வேண்டியதை மட்டும் இன்னொரு டெக்கில் பதிவு செய்வதுதான். அதற்கும் படம் ஒழுங்காக ஓட வேண்டுமே! அவள் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது.

போகாமல் என்ன செய்யும்? கல்யாணப் பெண்ணின் தாயார் பிலோமினம்மாள் அவள் முதுகுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கணவர் சூசைநாதன் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மறுநாள் காலை நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஒரே மகள் ரெஜினாவின் கல்யாணத்தை அவர் பார்க்கவில்லை. கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்து முடித்த சமயத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்களுக்குத் தவக்காலம் தெரியாது. விபூதிப் புதன் வந்துவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது.

“ஈஸ்டர் வரைக்கும் நான் இருப்பேனோ என்னவோ, நடத்துங்க” என்று சூசைநாதன் படுக்கையிலிருந்தே அடம்பிடித்தார். “நீங்க இல்லாம எனக்குக் கல்யாணம் வேணாம்” என்று மகள் அழுதாள். அவர் மசியவில்லை. அதோடு அவள் அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள். கல்யாணம் முடிந்த கையோடு மலேசியாவில் புருஷன் ஊரான ஈப்போவுக்குப் போனவள், இன்று ராத்திரிதான் ரயில் ஏறுகிறாள். அவள் வந்து சேரும்போது அவர் மயக்கத்தில் இருப்பார். ‘சம்மதம்னு அவ வாயால சொன்னதை நான் கேட்கணும், அப்புறம்தான் மயக்க ஊசி’ என்று மனுஷன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மறுத்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் பார்வையாளர் நேரத்துக்குள் கேசட் போயாக வேண்டும்.

பிரிஜட் டெக்கைத் திறந்து ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தாள். ரப்பர் உருளையைத் துடைத்தாள். கோடுகளைப் போக்கும் டிராக்கிங் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகினாள். ஒன்றும் நடக்கவில்லை. வேறொரு கல்யாணக் கேசட்டைப் போட்டாள், அது சமர்த்தாக ஓடியது. இதையே போட்டு, முதலிலிருந்து ஓட்டினாள். கார் வரைக்கும் ஒழுங்கு, பிரசங்கத்தில் கூத்து. கோளாறு டெக்கில் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“வடிவேலு அண்ணே, பிரசங்கம் ஆரம்பிச்சப்போ கேமராவுல என்ன பண்ணீங்க?”

கடைக்காரரும் கேமராமேனுமான வடிவேலு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒண்ணும் பண்ணலயே.”

“அண்ணே, நெஜத்தச் சொல்லுங்க.”

“கேசட் தீரப் போச்சு. இன்னொண்ணு வேன்ல மாட்டிக்கிச்சு. சாமியார் பேச ஆரம்பிச்சாரு, நிறுத்துற மாதிரி தெரியல. பேச்சுதானேன்னு எல்பி பட்டனை அமுக்கிட்டேன். மெதுவா ஓடும், கேசட் மிச்சமாவும்லா.”

“சரி, பேச்சு முடிஞ்சதும் மாத்த வேண்டியதுதானே?”

“மேளம் கொட்டும், மாத்திக்கலாம்னு நின்னேன்!” என்றார் வடிவேலு பரிதாபமாக. “நம்ம கல்யாணத்துல கெட்டிமேளம் கேட்டா கை தானா பட்டனுக்குப் போயிரும். அங்க ஒரு மேளமும் இல்ல. சாமியார் பாட்டுக்குக் கீழ எறங்கி வந்து கேள்வி கேட்டுட்டாரு. எல்லாம் முடிஞ்சிருச்சு.”

பிரிஜட்டுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பாதி வேகத்தில் பதிந்ததைக் கடை டெக் தன் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. பழைய டெக்குக்கு எல்பி தெரியாது. தெரிந்த டெக் கீழே ஜலாலுதீன் பாயின் ரேடியோ கடையில் இருந்தது. அவரோ வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கதவை இழுத்துவிட்டுப் போயிருந்தார். வடிவேலு அந்தக் கடை வாசலிலேயே தவம் கிடந்தார்.

மேலே பிலோமினம்மாள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே கோடுகளுக்கு நடுவே சாமியார் எதையோ கீச்சிட, ரெஜினா உடனே வாயசைக்க, மோதிரம், தாலி எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துபோனது.

“இதுவே போதும்மா. அவ சொல்றது தெரியுதே. இப்படியே குடுத்துரு.”

“ஆன்டி, எலி கத்துற மாதிரி இருக்கு. அங்கிள் கேட்கணும்னு ஆசைப்படுறது இதையா?”

பிலோமினம்மாள் கைப்பையைத் திறந்தார். ஜெபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார். காதால் கேட்க முடியாத இதையே போதும் என்று இந்த அம்மாள் ஏன் சொல்கிறார் என்று பிரிஜட்டுக்குப் புரியவில்லை.

பாயின் டெக் வந்தது. மாட்டினாள். படம் தெளிந்தது, சாமியாருக்கு மனிதக் குரல் திரும்பியது. “ரெஜினா, இவரை உன் கணவராக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?”

ரெஜினா பேசவில்லை.

பிரிஜட் படம் நின்றுவிட்டதோ என்று பயந்து பட்டனைப் பார்த்தாள். நிற்கவில்லை. பெண்ணின் முக்காட்டு விளிம்பு மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தார். சாமியார் தொண்டையைக் கனைத்தார். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். வேகமாக ஓடியபோது இருந்த இடமே தெரியாமல் போன மௌனம் இப்போது முழு நீளத்துக்கு நின்றது. பிறகு ஒரு வழியாக, “சம்மதம்.”

பிலோமினம்மாள் எழுந்து வந்து பிரிஜட்டின் கையைப் பிடித்துக்கொண்டார். “அதை வெட்டிரும்மா. கோயிலே பார்த்துச்சு, இன்னும் பேசிக்கிட்டு இருக்காங்க. அவரு பார்த்தா நாளைக்கு அந்த மேசையில தாங்குவாரா? கட்டாயப்படுத்திட்டோமேன்னு நெனச்சுக்கிட்டே போயிருவாரு.”

பிரிஜட்டுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் போகிற உயிர் அவள் வீட்டு உயிர் இல்லையே, எந்த வாயால் மறுப்பது? கேள்வி முடிந்ததும் பதிவை நிறுத்தி, ‘சம்மதம்’ வரும் இடத்தில் மறுபடி எடுத்தாள். ஒட்டிய இடத்தில் படம் லேசாகத் துள்ளியது. சரிசெய்ய நேரமில்லை. கடை வழக்கப்படி மூலத்தையும் பிரதியையும் ஒரே பையில் போட்டாள். இரவல் டெக்கைத் துண்டில் சுற்றி, டாக்சியில் மடிமேல் வைத்துக்கொண்டாள்.

நோயாளிகள் உட்காரும் கூடத்தில் டிவி இருந்தது. நர்சம்மா சூசைநாதனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார், கண் மட்டும் விழித்திருந்தது. வீடு வந்தது, கார் வந்தது. பிரசங்கத்தை “ஓட்டும்மா” என்று தள்ளச் சொன்னார். கேள்வி வந்தது.

“சம்மதம்.”

பிலோமினம்மாள் மூச்சு விட்டார். “கேட்டீங்கள்ல? டக்குனு சொல்லிட்டா பாருங்க.”

சூசைநாதன் டிவியைப் பார்த்தபடியே இருந்தார். “இது என் மக இல்ல” என்றார்.

பிரிஜட் டெக்கை நிறுத்தினாள்.

“சோறு வேணுமான்னு கேட்டாக்கூட யோசிச்சுத்தான் சொல்லுவா. ஸ்கூல்ல டீச்சர் திட்டுவாங்க. எங்கிட்ட வாய் திறந்து எத்தனை நாளாச்சு, இதுக்கு மட்டும் டக்குனு சொல்லிட்டாளா?” அவர் பிரிஜட் பக்கம் திரும்பினார். “படம் குதிச்சுச்சேம்மா. வெட்டுற அளவுக்கா நின்னா? அழுதாளா? மாட்டேன்னு சொன்னாளா?”

“ஏங்க, அதெல்லாம் ஒண்ணும் இல்ல…” என்று பிலோமினம்மாள் தடுமாறினார். சூசைநாதனின் மூச்சு இரைத்தது, கை நெஞ்சுக்குப் போனது. நர்சம்மா நாற்காலியைத் திருப்பப் பார்த்தார். இல்லாததை எல்லாம் இவர் கற்பனை செய்துகொண்டு போகப் போகிறார், நான் செய்து கொடுத்த வேலை அது என்று பிரிஜட்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

“அங்கிள், மூலக் கேசட் இருக்கு. போடவா?”

“வேணாம்மா!” என்றார் பிலோமினம்மாள்.

“போடு” என்றார் அவர்.

போட்டாள். கேள்வி வந்தது. பிறகு அந்த மௌனம். மாப்பிள்ளை திரும்பினார், சாமியார் கனைத்தார். பிலோமினம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிரிஜட் திரையைப் பார்க்கவில்லை, கிழவரைத்தான் பார்த்தாள். பயந்த முகமாக இல்லை அது.

திரையில் ரெஜினா முன்வரிசையைப் பார்த்தாள். ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பெஞ்சில், அம்மாவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அந்த இடத்தை விட்டு அவள் கண் அகலவில்லை.

சூசைநாதன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார். பக்கத்தில் நிற்பவளிடம் பேசுவதுபோல், மெல்ல, “அப்பா இங்கதாம்மா இருக்கேன், சொல்லு” என்றார்.

“சம்மதம்” என்றாள் ரெஜினா.