முடுக்கை அடைத்த வீடு

சென்ற ஆண்டு சித்திரையில் காயல்பட்டினத்தில் முஸம்மிலின் வீட்டை மட்டும் கடல்காற்று கைவிட்டது. அதே வாரம் தூத்துக்குடியில் நெத்திலி விலையும் இறங்கியிருந்ததால் ஊர் இரண்டையும் சேர்த்தே பேசியது.

உண்மையில் அது அவன் வீடே அல்ல. ஊர் வழக்கப்படி கல்யாணத்தில் மரியத்துக்கு அவள் வாப்பா கொடுத்தது. முஸம்மில் அங்கே வந்த மாப்பிள்ளை. ஷார்ஜாவில் ஏசி வேலை பார்த்துத் திரும்பியவனுக்கு அது மறந்துபோயிற்று. முற்றத்தை மூடினான். காற்று நுழையத் துளைத்துளையாக இருந்த ஜாலி ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு ஆளுயரக் கண்ணாடி வைத்தான். ஆண்கள் கண்ணில் படாமல் பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வரும் பின்பக்கச் சந்தான முடுக்கையும் வளைத்துப் படுக்கையறை கட்டிக்கொண்டான். பெண்கள் யாரும் சண்டைக்கு வரவில்லை. கறிச்சட்டியை, உடல் மூடப் போர்த்தும் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டு பெரிய தெரு வழியாகச் சுற்றிப் போனார்கள். கொஞ்ச நாளில் காற்றும் அவர்கள் பின்னாலேயே சுற்றிப் போகத் தொடங்கியது.

மின்விசிறி சுழன்றது, அதனடியில் காகிதம் அசையவில்லை. ஏசியின் குளிர் ஏசியை விட்டு இறங்கவில்லை. கட்டிக்கொடுத்த என்ஜினியர் கிருபாகரன் காற்றை அளக்கும் கருவியோடு வந்தார். வாசலில் சுற்றிய அதன் சக்கரம் நிலைப்படி தாண்டியதும் நின்றுவிட்டது. பிளானில் ஒரு தப்பும் இல்லை என்று சொல்லிவிட்டு அவர் வியர்வையைத் துடைத்தபடி போய்விட்டார். பள்ளிவாசலில் யாராவது, வீட்டில் காற்று வருகிறதா என்று அக்கறையாக விசாரித்தால் முஸம்மிலுக்கு உயிரே போய்விடும். ஊரான் வீட்டுக்கெல்லாம் குளிர் வைத்துக் கொடுத்தவன், செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வான்.

நிறைமாதமாயிருந்த மரியம் புழுக்கம் தாங்காமல், அக்கா முறையான யுஸ்ரா லாத்தா வீட்டில் படுக்கக் கிளம்பினாள். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அந்த வீடு. ஆனாலும் பெரிய தெருவில், டீக்கடை ஆண்களுக்கு முன்னால், வயிற்றைத் துப்பட்டியால் மூடிக்கொண்டு அவள் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். தான் வைத்த கண்ணாடி வழியாகவே அதைப் பார்த்த முஸம்மில் வெட்கத்தில் கூசிப்போனான். ஓடிப்போய்க் கூப்பிட்டான்.

"அது என் ஊடு மச்சான். முடுக்க அடைக்கும்போது என்ட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் அவள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

அறையை அவனே இடித்தான். முற்றம் திறந்தது, ஜாலிகள் திரும்பி வந்தன. முடுக்கு வழியாக முதலில் யுஸ்ரா கஞ்சிச் சட்டியோடு வந்தாள், அவள் பின்னால் காற்று வந்தது. பிள்ளை அந்த வீட்டிலேயே பிறந்தது.

ஆனால் முஸம்மிலை மட்டும் காற்று இன்றுவரை தொடுவதில்லை. பக்கத்தில் இருப்பவரின் தாடி பறக்கும், இவன் மேல் ஒரு மயிர் அசையாது. அவன் சட்டையும் கொடியில் காய்வதில்லை. தனக்கு இது வேண்டியதுதான் என்றெண்ணி அவன் யாரிடமும் முறையிடவில்லை. மரியம்தான் அந்தச் சட்டையைத் தன் சேலைக்குள் வைத்துச் சுருட்டிக் கொடியில் போடுகிறாள். சேலை காயும்போது சட்டையும் காய்ந்துவிடுகிறது.